ஆம்புலன்ஸ் ஏன் லேட்? கண்ட்ரோல் சார்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, தண்டையார்பேட்டையில் இரண்டு வண்டிகளோடு ஆம்புலன்ஸ் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்குக் கணக்கு நோட்டு பார்த்துக்கொடுக்கப் போனேன். கடைசியில் அவர்கள் சுவரில் கண்ட்ரோல் சார்ட் ஒட்டவைத்துவிட்டேன். அங்கே ஓட்டுநர்களும் அறங்காவலர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் எண்கள் புரிவதற்காக நான் போட்டவை, யாருடைய பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. இன்னொன்று: இப்போது உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால் இதைப் படிக்காதீர்கள், 108க்கு போன் போடுங்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்கும் புள்ளியியலுக்கும் என்ன சம்பந்தம்?

லேத்தில் ஒரு புஷ், அதாவது வளையம் போன்ற ஒரு சின்ன உதிரிபாகம், கடைகிறோம் என்று வையுங்கள். டிராயிங்கில் விட்டம் 25 மில்லிமீட்டர். வரும் உருப்படிகள் 25.01, 24.99, 25.02 என்று கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும். எந்த மெஷினும் ஒரே அளவில் நூறு உருப்படி தராது. புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒவ்வொன்றையும் அளப்பான். துளி கூடினால் வெட்டும் டூலை உள்ளே தள்ளுவான், குறைந்தால் வெளியே இழுப்பான். நல்ல எண்ணம்தான். ஆனால் ஷிஃப்ட் முடியும்போது ரிஜெக்ஷன் கூடியிருக்கும். மெஷினுக்கென்று இருக்கும் ஆட்டத்தோடு அவன் ஆட்டமும் சேர்ந்துகொண்டதுதான் காரணம். ஒவ்வொரு உருப்படிக்கும் முழுசாகத் திருத்தினால் சிக்மா, அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, சுமார் 41 சதவீதம் கூடும் என்பது கணக்கு.

ஆம்புலன்ஸ் அலுவலகத்திலும் இதேதான் நடக்கிறது. நேற்று 12 நிமிடம், இன்று 19 நிமிடம். உடனே ஓட்டுநரை நிற்கவைத்து "ஏன் லேட்?" என்று கேட்பது டூலைத் தள்ளி இழுக்கிற வேலை. 12க்கும் 19க்கும் நடுவில் உண்மையிலேயே புதிதாக ஏதாவது நடந்ததா, இல்லை வழக்கமான ஏற்ற இறக்கம்தானா என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் பிரித்துக் காட்டுவது மட்டும்தான் கண்ட்ரோல் சார்ட்டின் வேலை.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம்தானே, நமக்கு ஒத்துவருமா?

பிறந்தது வெளிநாட்டில்தான். அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வால்ட்டர் ஷூஹார்ட் என்பவர் 1924 மே 16 அன்று தன் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். முதல் கண்ட்ரோல் சார்ட் அதில்தான் இருந்தது. புள்ளியியல் அறிஞர் மஹலநோபிஸ் 1931ல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். சுதந்திரம் கிடைத்த புதிதில் அவர் அழைத்து ஷூஹார்ட்டே இந்தியா வந்துபோனார். நம்ம ஊரில், பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசை வாங்கியது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று வடசென்னையில் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள், சார்ட்டில் புள்ளி வைத்த அனுபவம் ஒருவருக்காவது இருக்கும்.

ரெஸ்பான்ஸ் டைம் என்றால் எதிலிருந்து எதுவரை?

இதில்தான் பாதி சண்டை. கூப்பிட்ட வீட்டுக்காரருக்கு, போன் போட்டதிலிருந்து யாராவது வந்து நோயாளியின் கையைப் பிடிக்கிறவரைக்கும். ஓட்டுநருக்கு, வண்டி நகர்ந்ததிலிருந்து தெருவில் போய் நிற்கிறவரைக்கும். அறங்காவலருக்கு எது குறைவாகத் தெரிகிறதோ அது.

நாங்கள் ஏழு நேரங்களை எழுதுகிறோம். போன் எடுத்தது, முகவரி வாங்கி முடித்தது, வண்டி நகர்ந்தது, இடத்தில் நின்றது, நோயாளி பக்கத்தில் போனது, மருத்துவமனை வாசல், வண்டி மறுபடி தயாரானது. மொத்த நேரத்தை மட்டும் எழுதினால் எங்கே தேங்குகிறது என்று ஜென்மத்துக்கும் தெரியாது.

அப்புறம், நேரத்தை எழுதுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் வாரம் எழுதிய நோட்டில் நான்கு அழைப்புகளில் வண்டி, போன் வருவதற்கு முன்னாலேயே கிளம்பியிருந்தது! விசாரித்தால், போன் எடுப்பவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறார், ஓட்டுநர் தன் செல்போனைப் பார்த்து எழுதுகிறார். சுவர்க்கடிகாரம் ஆறு நிமிடம் வேகம். "எல்லாரும் சீக்கிரம் கிளம்பணும்னுதான் சார் ஃபாஸ்ட்டா வெச்சிருக்கோம்" என்றார் அங்கே இருந்த அம்மா. ஆலையில் மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கருவியைச் சரிபார்க்காமல் ஒரு புள்ளிகூட வைக்க விடமாட்டார்கள். இங்கே மைக்ரோமீட்டர் என்பது கடிகாரம். எல்லாரும் செல்போன் நேரத்தையே எழுதுவது என்று முடிவு செய்தோம். சுவர்க்கடிகாரம் இன்னும் ஆறு நிமிடம் வேகமாகத்தான் ஓடுகிறது, அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

சராசரி பார்த்தால் போதாதா?

போதாது. ஒன்பது பேருக்கு 10 நிமிடத்தில் போய், பத்தாவது ஆளுக்கு 50 நிமிடத்தில் போனால் சராசரி 14. அந்த 14 நிமிடம் யாருக்குமே நடக்கவில்லை.

சார்ட்டை எப்படிப் போடுவது? நாங்கள் பத்தாவதுதான் படித்திருக்கிறோம்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். அழைப்புகளை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். வரிசை மாறினால் எல்லாம் போச்சு. 12 அழைப்புகளின் நேரம், நிமிடத்தில்:

14, 11, 17, 13, 12, 19, 15, 12, 16, 14, 13, 12

கூட்டினால் 168. 12ஆல் வகுத்தால் 14. இது நடுக்கோடு.

அடுத்து, பக்கத்துப் பக்கத்து எண்களுக்குள் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். கூடுதலா குறைவா என்று பார்க்க வேண்டாம், வித்தியாசம் மட்டும். 14க்கும் 11க்கும் 3, 11க்கும் 17க்கும் 6. இப்படியே போனால் 3, 6, 4, 1, 7, 4, 3, 4, 2, 1, 1. மொத்தம் 36. பதினொரு வித்தியாசம் இருப்பதால் 11ஆல் வகுத்தால் 3.27. இதை 2.66ஆல் பெருக்கினால் 8.7.

நடுக்கோட்டோடு 8.7 கூட்டினால் 22.7, மேல் கோடு. கழித்தால் 5.3, கீழ்க்கோடு. இந்த மூன்று கோடுகளுக்கு நடுவில் ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் வரிசையாகப் புள்ளியாக வையுங்கள். அவ்வளவுதான். பட்டியலில் இருக்கும் அந்த 19 நிமிடத்தைப் பாருங்கள். பார்வைக்கு உறுத்துகிறது, ஆனால் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் ஏதாவது ஒரு காரணம் சொல்வார். அந்தக் காரணம் 12 நிமிடத்தில் போன நாளிலும் இருந்திருக்கும்.

12 எண்ணை விளக்கத்துக்காகப் போட்டேன். நிஜத்தில் 20, 25 அழைப்பாவது சேர்ந்த பிறகு கோடு போடுங்கள்.

அந்த 2.66 எங்கிருந்து வந்தது?

மூன்று சிக்மா தூரத்தில் கோடு போடுவது ஷூஹார்ட் வைத்த வழக்கம். வித்தியாசங்களின் சராசரியை 1.128ஆல் வகுத்தால் சிக்மாவுக்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். மூன்றை 1.128ஆல் வகுத்துப் பாருங்கள், 2.66 வரும். ஆம்புலன்ஸ் நேரங்கள் வலது பக்கம் வால் நீண்டவை, அதாவது சில அழைப்புகள் மட்டும் ரொம்ப நீளும், அதனால் மேல் கோட்டைத் தாண்டும் பொய் எச்சரிக்கை கொஞ்சம் கூடுதலாக வரும். தொந்தரவாக இருந்தால் ஒவ்வொரு அழைப்பையும் வைக்காமல், அன்றைய நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, நடுவில் வரும் எண்ணை மட்டும் வையுங்கள்.

அப்படியென்றால் 22 நிமிடத்தில் போனாலும் பரவாயில்லை என்கிறீர்களா?

இல்லவே இல்லை. எல்லாரும் சறுக்கும் இடம் இது. 22.7 என்பது "இவ்வளவு லேட்டாகப் போகலாம்" என்ற அனுமதி இல்லை. "இப்போது நீங்கள் வேலை செய்கிற முறை மாறாதவரை, சில நாள் 22 நிமிடம் ஆகத்தான் செய்யும்" என்று உங்கள் அமைப்பே கொடுக்கும் வாக்குமூலம். நோயாளிக்கு எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்பது வேறு கேள்வி, அதற்கு மருத்துவம் பதில் சொல்லும். இதயம் நின்றுபோனவருக்கு, யாரும் மார்பை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்தக் கணக்கில் 14 நிமிடமே ரொம்ப அதிகம்.

ஆக, சார்ட் சீராக இருக்கிறது, ஆனால் போதவில்லை. அப்போது ஓட்டுநரைத் திட்டி ஒரு நிமிடம்கூடக் குறையாது. வண்டி எங்கே நிற்கிறது, முகவரி எப்படி வாங்குகிறோம், எத்தனை வண்டி இருக்கிறது என்று முறையையே மாற்ற வேண்டும். அது அறங்காவலர் வேலை. இதைச் சொன்ன அன்று எனக்குக் காபி வரவில்லை.

புள்ளி மேல் கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது?

அன்றைக்கே விசாரியுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்களுக்கு 41 நிமிடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. போன் செய்தவர் "மணலி" என்றார். வண்டி மணலிக்குப் போய், அந்தத் தெருவைத் தேடி, இல்லை என்றதும் திரும்பப் போன் போட்டால், அவர் இருந்தது மணலி புதுநகரில். இரண்டும் வேறு வேறு ஊர், நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தூரம். அங்கே இருக்கிறவர்களுக்கு அது மணலிதான், அவர்கள் மேல் தப்பில்லை.

அன்றிலிருந்து போன் பக்கத்தில் ஒரு அட்டை இருக்கிறது. "மணலியா, மணலி புதுநகரா?" "பழைய வண்ணாரப்பேட்டையா, புது வண்ணாரப்பேட்டையா?" இரண்டே வரி.

எந்தப் புள்ளியும் தாண்டவில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

எட்டு புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் விழுகிறதா என்று பாருங்கள். நாணயத்தைச் சுண்டி எட்டு தடவையும் தலை விழுவது 256ல் ஒரு தடவைதான். அப்படி விழுந்தால் ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் சார்ட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. முகவரி வாங்கியதிலிருந்து வண்டி நகரும் வரைக்குமான நேரத்துக்குத் தனி சார்ட் வைத்திருந்தோம். வழக்கமாக இரண்டு நிமிடத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ராத்திரி அழைப்புகள் மட்டும் நான்கு, நாலரை என்று வரிசையாக மேலே போயின. எதுவுமே மேல் கோட்டைத் தாண்டவில்லை. மொத்த நேரத்தில் பார்த்தால் இரண்டு நிமிடம் டிராஃபிக்கில் கரைந்துவிடும், யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

எட்டாவது புள்ளி விழுந்ததும் ராத்திரி ஷிஃப்ட் ஓட்டுநரோடு போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே காட்டினார். பக்கத்துத் தெருவில் ஒரு லாரி பேட்டரி திருடுபோயிருக்கிறது. பயந்துபோய் ஷெட் கேட்டுக்கு ராத்திரியில் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி வாட்ச்மேன் தாத்தாவிடம். தாத்தா தூங்கும் இடம் ஷெட்டுக்குப் பின்னால், கொசுவலைக்குள். அவரை எழுப்பி, அவர் கண்ணாடி தேடி, சாவி எடுத்து வர இரண்டு நிமிடம். இரண்டாவது சாவி செய்து ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டினோம். நாற்பது ரூபாய். அடுத்த புள்ளியிலேயே நேரம் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது.

ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடாதா?

4 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 நிமிடம். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 8 நிமிடம். டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பீக் அவரில் அந்த 24ஐ 30 ஆக்குவதற்கு எத்தனை பேர் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே இரண்டு நிமிடத்தை நாற்பது ரூபாய் சாவி கொடுத்தது.

கண்டெய்னர் லாரி, ரயில்வே கேட், காசிமேட்டுக் கூட்டம். இதையெல்லாம் சார்ட் என்ன செய்யும்?

லாரியை நகர்த்தாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே "டிராஃபிக்" என்ற மூட்டையில் கட்டாமல் பிரிக்கச் சொல்லும். ஆலையில் இரண்டு மெஷினில் வந்த உருப்படிகளை ஒரே பெட்டியில் கொட்டி அளக்க மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். நான் நோட்டில் மூன்று கலரில் புள்ளி வைக்கச் சொன்னேன்.

துறைமுக ஜீரோ கேட் பக்கம் கண்டெய்னர் வரிசை நீளும் நேரம் ஒரு கலர். அந்த வரிசை திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் நீண்டு நிற்கும் நாட்களில், அந்தப் பக்கம் போகும் வண்டிக்கு நேரம் வேறு மாதிரிதான் இருக்கும். கொருக்குப்பேட்டைப் பக்கம் கேட்டில் மாட்டியது இன்னொரு கலர். கேட் போட்டால் ஒரு சரக்கு ரயில் போய் முடிவதற்குள் எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்துவிடும், அதுவரை சைரன் வெறும் சத்தம்தான். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக் கூட்டம்.

காசிமேடு விஷயம் சுவாரசியமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த ஞாயிறுகளில் ராயபுரம் பக்கத்துச் சாலைகள் எவ்வளவோ பரவாயில்லை. தடை முடிந்து படகுகள் முதல் லோடு மீனோடு திரும்பும் ஞாயிறு இருக்கிறதே, பைக், ஆட்டோ, ஐஸ் வண்டி, கூடை என்று ஊரே அங்கேதான். சார்ட் போடாமலே இதெல்லாம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயத்தை வைத்து யாரும் வண்டியை நகர்த்தவில்லை. சார்ட்டில் ஞாயிறு புள்ளிகள் தனிக் கூட்டமாக நின்றதைப் பார்த்த பிறகுதான், ஞாயிறு காலை மட்டும் ஒரு வண்டியைக் காசிமேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று முடிவானது. கேட்டுக்கும் அதே வைத்தியம்தான், இரண்டு வண்டியும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கம் நிற்கக் கூடாது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டை நான் எந்தக் கலரிலும் சேர்க்கவில்லை. அது வேறு உலகம்.

தெருவுக்கு வந்த பிறகும் நோயாளியிடம் போய்ச் சேர நேரமாகிறதே?

எங்கள் நோட்டில் எனக்கு ரொம்ப ஆச்சரியம் தந்த பகுதி இதுதான். "இடத்தில் நின்றது" என்பதற்கும் "நோயாளி பக்கத்தில் போனது" என்பதற்கும் நடுவில் ஒரு நிமிடம் இருக்கும் என்று நினைத்தேன். சில நாள் ஐந்து, ஆறு.

சென்னையில் வீடுகளுக்குப் பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு உண்டு. போனில் ஒன்றைச் சொல்வார்கள், சுவரில் மற்றது எழுதியிருக்கும். பிள்ளையார் கோயில் தெரு எந்தப் பேட்டையில் இல்லை? வியாசர்பாடி, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீடுகளில் பிளாக் நம்பர் சொல்லாமல் "மூணாவது மாடி" என்று மட்டும் சொன்னால், ஒவ்வொரு பிளாக்கிலும் மூணாவது மாடி இருக்கிறது. சந்துக்குள் வண்டி போகாத இடத்தில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், நடுவில் பைக்குகள்.

ஆலைப் பழக்கத்தில் ஒரு பரேட்டோ போட்டோம். அதாவது தாமதக் காரணங்களை எண்ணி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்குவது. உச்சியில் நின்றது டிராஃபிக் இல்லை, முகவரிதான். அதற்குப் பிறகு போன் எடுப்பவர் கடைசியாக ஒரு வாக்கியம் சொல்கிறார்: "ஒருத்தர் தெருமுனைக்கு வந்து நில்லுங்க, ராத்திரின்னா செல்போன் லைட்டைப் போட்டுக் காட்டுங்க." ஒரு சின்ன விஷயம், இந்த வாக்கியத்தை ஆரம்பத்தில் சொன்னால் பதற்றத்தில் காதில் விழாது. போனை வைக்கும் முன்னால் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

வண்டியே இல்லை என்று சொல்ல வேண்டிய நிலை வருகிறதே?

வண்டி கைவசம் இல்லாத அழைப்புகளையும் நோட்டில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டுச் சார்ட் போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இரண்டு வண்டியும் தங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியே இருக்கின்றன என்றால், இரண்டும் ஒன்றாக வெளியே இருப்பது தோராயமாக ஒன்பதில் ஒரு பங்கு நேரம். அதுவே பாதி நேரம் வெளியே இருந்தால் நான்கில் ஒரு பங்கு. வேலை ஒன்றரை மடங்கு ஆனால் "வண்டி இல்லை" என்பது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அதனால்தான் ஏழாவது நேரத்தை, அதாவது வண்டி மறுபடி தயாரான நேரத்தை, எழுதச் சொல்கிறேன். ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளியை இறக்கிய பிறகும் எங்கள் வண்டி முக்கால் மணி நேரம் வாசலில் நின்றது. உள்ளே மாற்று ஸ்ட்ரெச்சர் காலி இல்லை, எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளி படுத்திருந்தார். ஸ்ட்ரெச்சர் இல்லாத வண்டி வெறும் வேன். ஒரு உபரி ஸ்ட்ரெச்சர் வாங்க மூன்று மாதம் பணம் சேர்த்தார்கள். அது வந்த பிறகு வண்டிகள் ஓடும் வேகம் மாறவில்லை, ஆனால் அடுத்த அழைப்புக்குக் கையில் வண்டி இருந்தது.

மாதாமாதம் "15 நிமிடத்துக்குள் இத்தனை சதவீதம்" என்று அறிக்கை தருகிறோம். போன மாதம் 70, இந்த மாதம் 62. மோசமாகிவிட்டதா?

மாதம் 120 அழைப்பு என்று வைத்தால், 70 சதவீதம் என்பது 0.7, மீதி 0.3. 0.7ஐ 0.3ஆல் பெருக்கி 120ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 0.0418. மும்மடங்கு 0.125. ஆக, எதுவுமே மாறாமல் இருந்தாலும் சதவீதம் 57.5க்கும் 82.5க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 62க்கு மெமோ கொடுத்து, அடுத்த மாதம் 76 வந்ததும் "பார், மெமோ வேலை செய்தது" என்று நம்பி, அதற்கடுத்த மாதம் 66க்கு மறுபடி மெமோ. நான் வேலை பார்த்த இடத்திலும் இந்த நாடகத்தை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

இலக்கு வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால் என்ன?

இங்கிலாந்தில் உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். பிறகு சில ஆம்புலன்ஸ் அமைப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 8 நிமிடத்துக்குச் சற்று முன்னால் அழைப்புகள் மலைபோல் குவிந்திருந்தன, 8 தாண்டியதும் திடீர்ப் பள்ளம். எந்த ஊர் டிராஃபிக்கும் அப்படி 8 நிமிடத்தில் கோடு கிழித்தது மாதிரி நடந்துகொள்ளாது. எழுதுகிறவர் பேனாதான் நடந்துகொண்டது. 2017ல் அந்த முறையை மாற்றினார்கள். இப்போது அங்கே மிக ஆபத்தான அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம், பத்தில் ஒன்பது 15 நிமிடத்துக்குள் என்று இரண்டு அளவுகளைப் பார்க்கிறார்கள்.

பணத்தைச் சார்ட்டோடு கட்டாதீர்கள் என்பதுதான் என் கட்சி. கட்டினால் நோட்டு அழகாகும், வண்டி வராது.

புயல், பெருமழை நாட்களைக் கணக்கில் சேர்ப்பதா?

புள்ளியை வையுங்கள், ஆனால் கோடு போடும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாட்களைச் சேர்த்தால் மேல் கோடு வானத்துக்குப் போய்விடும், அப்புறம் எந்தத் தாமதமும் தாமதமாகத் தெரியாது. பக்கத்தில் "புயல்" என்று எழுதிவிடுங்கள். ஆனால் வருஷா வருஷம் ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதை விசேஷக் காரணம் என்று தள்ளிவிடாதீர்கள். அது காலண்டரில் இருக்கிற விஷயம். அதற்கு மாற்றுவழி மழைக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

108க்கும் இது பொருந்துமா?

பொருந்தும், இன்னும் சுலபம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அங்கே நேரங்களைக் கம்ப்யூட்டர் பதிவு செய்கிறது, அழைப்புகளும் நம்மைவிட எவ்வளவோ அதிகம். அவ்வளவு டேட்டா இருந்தால் சென்னை முழுவதற்கும் ஒரே எண் சொல்லக் கூடாது. ராயபுரத்துக்கு ஒன்று, மாதவரத்துக்கு ஒன்று, எண்ணூருக்கு ஒன்று என்று தனித்தனிச் சார்ட் போட வேண்டும். மொத்தக் கணக்கில் எண்ணூர் காணாமல் போய்விடும்.

கம்ப்யூட்டர் வேண்டுமா?

வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும்.

வண்டி வரும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

ஆள் மயங்கி, மூச்சு இல்லாமல் அல்லது திணறித் திணறி மூச்சு விட்டால், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மார்பின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். எங்கள் நோட்டில் எந்தப் புள்ளியை எவ்வளவு கீழே இறக்கினாலும், பக்கத்தில் இருக்கிறவர் கையை முந்த முடியாது. பேட்டைக்குப் பத்துப் பேருக்கு இதைக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் அடுத்த வேலை.

சார்ட்டில் ஓட்டுநர் பெயர் எழுதலாமா? எங்கே மாட்டுவது?

பெயர் வேண்டாம். பெயர் எழுதிய முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சந்தேகத்துக்கிடமாக எல்லாரும் 12 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் வாரம் பெயர்ப் பத்தியைக் கிழித்தோம், 17ம் 19ம் திரும்பி வந்தன.

மாட்டும் இடம், அறங்காவலர் அறை இல்லை. வண்டிச் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், ஓட்டுநரின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். சாவியைத் திரும்ப மாட்ட வருகிறவரே புள்ளியை வைக்க வேண்டும். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போகும்.